கறுப்பு ஏல் எப்படி முதிர்கிறது: தொடங்குவோருக்கு ஒரு விளக்கம்

கறுப்பு பீரைப் பற்றிப் பேச்சு வந்தால் மூன்று கருத்துகள் தவறாமல் தலைகாட்டும். கறுப்பாக இருந்தால் போதை அதிகம் என்பது ஒன்று. எத்தனை வருடம் பூட்டி வைக்கிறோமோ அத்தனை ருசி என்பது இரண்டாவது. வீட்டில் காய்ச்சியதைக் குடித்தால் கண்பார்வை போய்விடும் என்பது மூன்றாவது. முதலாவது வெறும் கண்மயக்கம். இரண்டாவதில் பாதி உண்மை இருக்கிறது, அந்தப் பாதிதான் ஆளைக் குழப்புகிறது. மூன்றாவதற்குப் பின்னால் உண்மையான சாவுகள் இருக்கின்றன என்பதால் அதைச் சும்மா தள்ளிவிட முடியாது.

இங்கிலாந்தில் மரபாகக் காய்ச்சப்படும் போர்ட்டர், ஸ்டவுட், ஓல்ட் ஏல் ஆகிய கறுப்பு ஏல்களை (ஏல் என்பது பீரில் ஒரு பிரிவு) வைத்து இவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். எனக்கு இந்த வகைகள் மேல் பெரிய மதிப்பு உண்டு. முந்நூறு ஆண்டுகளாகக் கை மாறிக் கை மாறித் தேறி வந்த தொழில் இது. நல்ல ஒரு பாட்டிலை வெயில் படும் அலமாரியில் ஐந்து வருடம் வைத்திருந்து, கெட்டுப்போன பிறகு திறந்து குடித்துவிட்டு, ‘இதற்கா இவ்வளவு பேச்சு’ என்று ஒருவர் சொல்லக் கேட்கும்போது மனசு ஆறுவதில்லை.

முதலில் அந்தப் பயம்

சர்க்கரை கரைந்த நீரில் ஈஸ்ட் என்ற நுண்ணுயிரைச் சேர்த்தால், அது சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் வெளிவிடும். இதற்குப் பெயர் நொதித்தல். பீர் இந்தக் கட்டத்தோடு நின்றுவிடும். சாராயம் இன்னொரு கட்டம் தாண்டிப் போகிறது. நொதித்ததைக் கொதிக்கவைத்து, வரும் ஆவியைக் குளிர்வித்து, ஆல்கஹாலைச் செறிவாகப் பிரித்தெடுப்பார்கள். அது வடித்தல். பீர் காய்ச்சுபவரும் அடுப்பில் அண்டாவை ஏற்றுகிறார்தான், ஆனால் அது நொதிப்பதற்கு முன்பு. அவர் கொதிக்கவைப்பது ஆல்கஹால் துளியும் இல்லாத இனிப்பு நீர்.

பார்வையைப் பறிப்பதும் உயிரை எடுப்பதும் மெத்தனால். பார்லி நொதிக்கும்போது உண்டாகும் மெத்தனால் மிகச் சொற்பம், ஆபத்தான அளவுக்கு அருகில்கூட வராது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது மெத்தனால் கலந்த சாராயம். அந்த மெத்தனால் நொதித்தலில் தானாக ஊறியதல்ல, தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கான சரக்கைக் கொண்டுவந்து சேர்த்தது. இந்த வேறுபாடு தெரியாததால் கொன்றவர்களின் குற்றம் மங்கிப்போய், நொதித்தல் என்ற செயலே பழியைச் சுமக்கிறது.

சட்டத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் வீட்டில் பீர் காய்ச்ச 1963 வரை உரிமம் வேண்டியிருந்தது. அந்த ஆண்டு நிதியமைச்சர் ரெஜினால்ட் மோட்லிங் தமது பட்ஜெட்டில் அதை நீக்கினார். இன்று அங்கே சொந்தத் தேவைக்குக் காய்ச்சலாம், விற்கக் கூடாது. அமெரிக்காவில் ஜிம்மி கார்ட்டர் 1978இல் கையெழுத்திட்ட சட்டம் வழிவிட்டது. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் உரிமம் இல்லாமல் காய்ச்சுவது குற்றம். ஆகவே கீழே வரும் செய்முறைப் பகுதி, சட்டம் அனுமதிக்கும் நாடுகளில் இருப்பவர்களுக்கு. மற்றவர்கள் கண்ணாடிக் கோப்பையில் இருப்பது என்ன என்று புரிந்துகொள்ள அதைப் படிக்கலாம்.

நிறம் எங்கிருந்து, போதை எங்கிருந்து

பார்லியை ஊறவைத்து முளைவிடச் செய்து, முளை நீள்வதற்குள் சூட்டில் உலர்த்தினால் கிடைப்பது மால்ட். முளைவிடும்போது தானியத்துக்குள் என்சைம்கள் தயாராகின்றன. மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் புரதங்கள் இவை. மால்ட்டை நொறுக்கி வெந்நீரில் ஊறவைத்தால் ஒரு மணி நேரத்தில் அந்த வேலை முடிந்துவிடும். வடிகட்டி எடுக்கும் இனிப்பு நீருக்கு வோர்ட் என்று பெயர். அதைக் கொதிக்கவிட்டு ஹாப்ஸ் சேர்ப்பார்கள். ஹாப்ஸ் ஒரு கொடியின் பூ. கசப்பும் மணமும் தருவதோடு, பீரைப் புளிக்கவைக்கும் பல பாக்டீரியாக்களையும் அடக்கிவைக்கும். வோர்ட் ஆறியதும் ஈஸ்ட் போட வேண்டும்.

ஏல் என்பதும் லாகர் என்பதும் ஈஸ்ட்டைப் பொறுத்த பிரிவு. ஏல் ஈஸ்ட் ஏறக்குறைய 15 முதல் 22 டிகிரி செல்சியஸில் வேலை செய்து, பழ வாசனைகளைக் கொஞ்சம் விட்டுச்செல்லும். லாகர் ஈஸ்ட் குளிரில் மெதுவாக வேலை செய்து சுத்தமான சுவையைத் தரும். இதில் நிறத்துக்கு இடமே இல்லை. வெளிர் ஏல் உண்டு, கறுப்பு லாகரும் உண்டு.

போதையின் அளவைத் தீர்மானிப்பது, வோர்ட்டில் எவ்வளவு சர்க்கரை இருந்தது, அதில் ஈஸ்ட் எவ்வளவைத் தின்றது என்ற இரண்டும்தான். நிறத்தைத் தீர்மானிப்பது மால்ட்டின் வறுவல். எட்டுக் கிலோ மால்ட்டில் நன்றாக வறுத்த கறுப்பு மால்ட் வெறும் 300 கிராம் இருந்தாலே மொத்தமும் இருண்டுவிடும். அப்படி வறுத்ததிலிருந்து நொதிக்கக்கூடிய சர்க்கரை அதிகம் கிடைக்காது, அதன் என்சைம்களும் சூட்டில் அழிந்திருக்கும். கின்னஸ் டிராஃப்டில் ஆல்கஹால் சுமார் 4 சதவீதம். இந்தியக் கடைகளில் ‘ஸ்ட்ராங்’ என்று விற்கும் பொன்னிற பீர்கள் 8 சதவீதம் வரை போகின்றன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கண் சொல்வது பொய் என்பது தெரியும்.

இந்த நம்பிக்கை நம்மிடம் வேரூன்ற ஒரு காரணம் இருக்கிறது என்று நினைக்கிறேன். நுவரெலியாவில் தொடங்கிய காய்ச்சுசாலையின் லயன் ஸ்டவுட்டைத்தான் பல தமிழர்கள் முதன்முதலில் ஸ்டவுட் என்று அறிந்தார்கள். அது 8 சதவீதத்துக்கு மேல். முதலில் பார்த்த கறுப்பு பீர் கனமாக இருந்ததால் கறுப்பு எல்லாமே கனம் என்று ஆகிவிட்டது. லயன் ஸ்டவுட் கனமாக இருப்பது அதன் வோர்ட்டில் இருக்கும் சர்க்கரையின் அளவால்.

லண்டன்காரர்கள் இதை 200 ஆண்டுகளுக்கு முன்பே கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டார்கள். பழைய போர்ட்டர் பழுப்பு மால்ட்டில் காய்ச்சப்பட்டது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஹைட்ரோமீட்டர் புழக்கத்துக்கு வந்தது. திரவத்தில் மிதக்கவிட்டு அதன் அடர்த்தியையும், அதன் மூலம் சர்க்கரையின் அளவையும் சொல்லும் கருவி அது. அளந்து பார்த்தபோது, விலை குறைவு என்று வாங்கிய பழுப்பு மால்ட் வெளிர் மால்ட்டைவிடக் குறைவான சர்க்கரையே தருகிறது, கணக்கில் அதுதான் நஷ்டம் என்பது தெரிந்தது. 1817இல் டேனியல் வீலர் என்பவர் மால்ட்டைச் சுழலும் உலோக உருளைக்குள் போட்டுக் கறுப்பாக வறுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதன்பின் சர்க்கரைக்கு வெளிர் மால்ட், நிறத்துக்கும் வறுவல் சுவைக்கும் ஒரு பிடி கறுப்பு மால்ட் என்று போர்ட்டரின் செய்முறையே மாறியது.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: பீர் நொதித்ததோடு நிற்கிறது, வடிப்பதில்லை. ஈஸ்ட்டைப் பொறுத்து அது ஏல் அல்லது லாகர். போதை சர்க்கரையிலிருந்து வருகிறது, கறுப்பு வறுவலிலிருந்து வருகிறது.

லண்டனின் பெருந்தொட்டிகள்

1720களில் லண்டனில் பரவிய பழுப்பு பீர்தான் போர்ட்டர். ஆற்றங்கரையிலும் சந்தைகளிலும் மூட்டை சுமந்த தொழிலாளிகள் விரும்பிக் குடித்ததால் அவர்களின் பெயரே அதற்கு ஒட்டிக்கொண்டது. அதில் கனமான வகையை ஸ்டவுட் போர்ட்டர் என்றார்கள். நாளடைவில் ஸ்டவுட் தனித்து நின்றது. அந்தக் காலத்துப் பழுப்பு மால்ட் விறகுத் தீயில் உலர்ந்தது என்பதால் புது போர்ட்டரில் புகையும் கரகரப்பும் தூக்கலாக இருந்தன. சில மாதங்கள் வைத்திருந்தால் அவை அடங்கும். அதனால் காய்ச்சியதை உடனே விற்காமல் மரத்தொட்டிகளில் தேக்கிவைத்தார்கள்.

தேக்கிவைக்கப் பணம் வேண்டும், இடம் வேண்டும். விட்பிரெட், ட்ரூமன், பின்னாளில் பார்க்ளே பெர்கின்ஸ் ஆன த்ரேல் போன்ற பெருமுதலாளிகளால்தான் அது முடிந்தது. தொட்டிகள் மேலும் மேலும் பெரிதாயின. 1814 அக்டோபர் 17 அன்று டாட்டன்ஹாம் கோர்ட் சாலை அருகே மியூ நிறுவனத்தின் ஹார்ஸ் ஷூ காய்ச்சுசாலையில் 22 அடி உயரத் தொட்டி ஒன்று வெடித்தது. அதில் இருந்தது 3,555 பீப்பாய் போர்ட்டர். நம் கணக்கில் ஐந்து லட்சம் லிட்டருக்கு மேல். பின்சுவரை உடைத்துக்கொண்டு ஏழைகள் குடியிருந்த சந்துக்குள் அது பாய்ந்தது. எட்டுப் பேர் இறந்தார்கள், எல்லோரும் பெண்களும் குழந்தைகளும். ஒரு வீட்டில் இறந்த குழந்தைக்காகக் கூடியிருந்தவர்களும் அதில் அகப்பட்டார்கள். அந்தத் தொட்டியில் இருந்த போர்ட்டரின் வயது பத்து மாதம் என்று விசாரணையில் பதிவானது. முதிர்ந்த பீர் என்று அன்று எதைச் சொன்னார்கள் என்பதற்கு இது நல்ல சான்று. பல பத்தாண்டுகள் என்ற பேச்சே இல்லை.

அந்தத் தொட்டிகளுக்குள் நடந்தது என்ன என்று காய்ச்சியவர்களுக்கே தெரியாது. விடை டென்மார்க்கிலிருந்து வந்தது. கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் காய்ச்சுசாலையில் ஆய்வு செய்த நீல்ஸ் ஹியெல்ட் கிளாஸன், 1903–04 வாக்கில், முதிர்ந்த ஆங்கில பீர்களின் தனித்த வாசனைக்குக் காரணமான இன்னொரு ஈஸ்ட்டைப் பிரித்தெடுத்து, பிரெட்டனோமைசிஸ் என்று பெயரிட்டார். வழக்கமான ஈஸ்ட் சில நாட்களில் வயிறு நிறைந்து அடியில் படிந்துவிடும். இது மரத்தின் நுண்துளைகளில் ஒளிந்திருந்து, மற்றது தின்ன முடியாமல் விட்டதை மாதக்கணக்கில் மெல்ல அரித்துத் தின்னும். தோல், ஈர வைக்கோல், உலர்ந்த பழம் என்றெல்லாம் விவரிக்கப்படும் வாசனைகள் அதனுடையவை.

முதிர்வது என்றால் என்ன

புளிச்சாடியை எண்ணிப் பாருங்கள். மாசியிலும் பங்குனியிலும் வரும் புதுப்புளி செம்பழுப்பாக, சுள்ளென்ற புளிப்போடு இருக்கும். கொட்டை நீக்கி, உப்பு சேர்த்து, சாடியில் அழுத்தி வைத்த புளி ஒரு வருடத்தில் கறுக்கும். புளிப்பின் முனை மழுங்கி, அடியில் ஒருவித இனிப்பும் கனமும் ஏறும். ரசத்துக்குப் புதுப்புளி, வற்றல் குழம்புக்குப் பழம்புளி என்று பார்த்து எடுக்கும் வீடுகள் உண்டு. பழையது உயர்ந்தது என்று அங்கே யாரும் சொல்வதில்லை. எதற்கு எது என்பதுதான் கணக்கு. ஈரக்கை பட்டால், மூடி சரியில்லை என்றால், அதே சாடியில் பூச்சி வைக்கும். காலம் இரண்டு வேலையையும் செய்யும்.

இந்த ஒப்புமை சும்மா அழகுக்கு அல்ல. புளி கறுப்பதில் பெரும் பங்கு வகிப்பது சர்க்கரைகளும் அமினோ அமிலங்களும் சேர்ந்து பழுப்புநிறப் பொருள்களாக மாறும் மெய்லார்ட் வினை. மால்ட்டை வறுக்கும்போது நிறம் தருவதும் அதே வினை. பாட்டிலுக்குள்ளும் அது மிக மெதுவாகத் தொடர்கிறது. ஆனால் பீரில் அது மட்டும் நடப்பதில்லை. மூன்று வேலைகள் ஒரே சமயத்தில் நடக்கின்றன.

முதலாவது உயிருள்ள வேலை. வடிகட்டாத பாட்டிலில் ஈஸ்ட் இன்னும் உயிரோடு இருக்கும். அது மிச்சச் சர்க்கரையைத் தின்னும், உள்ளே மாட்டிய ஆக்ஸிஜனில் கொஞ்சத்தைப் பிடித்துக்கொள்ளும். நாளானால் அதுவும் சாகும். செத்த ஈஸ்ட் உடைந்து உள்ளிருப்பதைக் கொட்டும்போது முதலில் சுவைக்கு ஒரு செறிவு வரும், எல்லை மீறினால் சோயா சாஸ் வாடை அடிக்கும். பிரெட்டனோமைசிஸ் இருந்தால் கதை இன்னும் நீளும்.

இரண்டாவது ஆக்ஸிஜனின் வேலை. இதில்தான் வெளிர் பீரும் கறுப்பு பீரும் பிரிகின்றன. வெளிர் லாகரில் ஆக்ஸிஜன் புகுந்தால் ஈரமான அட்டைப்பெட்டி வாசனை வரும். கொழுப்புப் பொருள்கள் சிதைந்து உண்டாகும் ஆல்டிஹைடுகள் இதற்குக் காரணம். இந்த வாசனையை மூக்கு மிகக் குறைந்த அளவிலேயே பிடித்துவிடும். கனமான கறுப்பு ஏலில் வறுவலிலிருந்து வந்த பழுப்புப் பொருள்கள் ஆக்ஸிஜனின் ஒரு பகுதியை வாங்கிக்கொள்கின்றன. அப்போது எழுவது உலர் திராட்சை, அத்திப்பழம், ஷெர்ரி ஒயின் போன்ற வாசனைகள். அட்டை வாசனை அதில் வரவே வராது என்று பொருள் இல்லை. வந்தாலும் ஓரளவுக்கு மற்ற சுவைகளுக்குள் அமுங்கிவிடும்.

மூன்றாவது தேய்மானம். ஹாப்ஸின் மணம் முதலில் போகும், சில மாதங்களிலேயே. கசப்பும் படிப்படியாகக் குறையும். வாழைப்பழ வாசனை தரும் எஸ்டர் உடைந்து போகும். எஸ்டர் என்பது ஆல்கஹாலும் அமிலமும் கூடிப் பிறக்கும் வாசனைப் பொருள். வேறு சில எஸ்டர்கள் புதிதாகக் கூடும். நாக்கை இறுக்கும் துவர்ப்புப் பொருள்கள் புரதங்களோடு சேர்ந்து அடியில் படியும். எரிவதாகத் தோன்றிய ஆல்கஹால், சுற்றியிருக்கும் சுவைகள் மாறியதால் மென்மையாகத் தெரியும், அளவு குறையாவிட்டாலும்.

அளவு கூடுமா? வைக்க வைக்கப் போதை ஏறும் என்பது ஊரெங்கும் உள்ள நம்பிக்கை. ஆல்கஹால் கூட வேண்டுமென்றால் தின்னச் சர்க்கரையும் தின்ன உயிரும் வேண்டும். கடையில் வாங்கும் வடிகட்டிய, சூடாக்கிப் பதப்படுத்திய பீரில் ஈஸ்ட்டே இல்லை. பத்து வருடம் வைத்தாலும் துளி கூடாது. உயிருள்ள ஈஸ்ட் இருக்கும் பாட்டிலில் மிகச் சிறிதளவு கூடலாம். லண்டன் தொட்டிகளில் பிரெட்டனோமைசிஸ் புகுந்து விளையாடியதால் அங்கே உண்மையிலேயே கொஞ்சம் ஏறியது. அந்தப் பழைய அனுபவத்தை இன்றைய டின் பீருக்குப் பொருத்தினால் விடை தவறாகத்தான் வரும்.

சுருக்கமாக, முதிர்வது என்பது உயிர், ஆக்ஸிஜன், தேய்மானம் மூன்றும் ஒன்றையொன்று துரத்துவது. மூன்றும் நமக்குச் சாதகமாக ஒத்துப்போகும் காலம் ஒன்று வரும், பிறகு அது கடந்தும் போகும்.

வைக்கத் தகுந்தது எது

பெரும்பாலான பீர் புதிதாகக் குடிக்கக் காய்ச்சப்படுவது. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். ஹாப்ஸ் மணத்துக்காகக் காய்ச்சிய ஐபிஏவை (இந்தியா பேல் ஏல்) ஒரு வருடம் வைப்பது, அதைக் காய்ச்சியவரின் உழைப்பைக் கொட்டிக் கவிழ்ப்பதற்குச் சமம். 4 சதவீதப் போர்ட்டரும் அப்படித்தான்; கறுப்பாக இருக்கிறது என்பதற்காக மட்டும் அது தாங்கிவிடாது.

தாங்கும் பீருக்குச் சில அடையாளங்கள் உண்டு. ஆல்கஹால் ஏறக்குறைய 7 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும். ஈஸ்ட் தின்னாமல் மிஞ்சிய இனிப்பும் வாயில் உணரும் கனமும் வேண்டும், ஏனென்றால் காலம் முதலில் மெலியவைப்பது அதைத்தான். தொடக்கத்தில் கசப்பு சற்று மிகையாக இருக்க வேண்டும், குறைந்த பிறகும் மிச்சம் இருப்பதற்காக. பாட்டிலுக்குள் உயிருள்ள ஈஸ்ட் இருந்தால் இன்னும் நல்லது. 18ஆம் நூற்றாண்டின் முடிவில் தேம்ஸ் கரையின் சவுத்வார்க்கிலிருந்து ரஷ்ய அரசவைக்குப் போன ஸ்டவுட் இப்படிப்பட்டது. பின்னாளில் அந்த வகைக்கு இம்பீரியல் ஸ்டவுட் என்ற பெயரே நிலைத்தது. லண்டனின் ஃபுல்லர்ஸ் 1997 முதல் ஆண்டுதோறும் வெளியிட்டுவரும் வின்டேஜ் ஏல் கறுப்பல்ல, செம்பழுப்பு. ஆனாலும் நன்றாக முதிர்கிறது. நிறம் உதவும், ஆனால் நிறமே எல்லாம் இல்லை என்பதற்கு அது ஒரு சாட்சி.

வீட்டில் காய்ச்சும்போது

20 லிட்டர் ஓல்ட் ஏலுக்கு ஒரு கணக்கு: வெளிர் மால்ட் ஆறரைக் கிலோ, பழுப்பு மால்ட் 700 கிராம், கிரிஸ்டல் மால்ட் 500 கிராம், கறுப்பு மால்ட் 300 கிராம். வெளிர் மால்ட்டுக்கு மாரிஸ் ஆட்டர் என்ற ஆங்கில பார்லி ரகம் கிடைத்தால் சிறப்பு. கிரிஸ்டல் மால்ட் என்பது உள்ளிருக்கும் மாவு சர்க்கரையாகி இறுகும்படி ஈரத்தோடு வறுத்தது. உலர் பழச் சுவைக்கு அது அடித்தளம்.

ஊறவைக்கும் வெந்நீரின் சூட்டில் கவனம் வையுங்கள். 63 டிகிரியை ஒட்டி ஊறவைத்தால் ஈஸ்ட் எளிதில் தின்னும் சர்க்கரை நிறையக் கிடைக்கும், பீர் வறண்டு மெலிந்து முடியும். 67, 68 டிகிரியில் வேறொரு என்சைமின் கை ஓங்கும். அப்போது டெக்ஸ்ட்ரின்கள் மிஞ்சும். இவை ஏல் ஈஸ்ட்டால் தின்ன முடியாத நீளமான சர்க்கரைச் சங்கிலிகள். பீரின் கனம் இவற்றால் வருவது. முதிர வைக்கும் ஏலுக்கு இந்தச் சூடுதான் சரி.

வடிகட்டிய வோர்ட்டை ஒரு மணி நேரத்துக்கு மேல் நன்றாகக் கொதிக்கவிட்டு, கசப்புக்கான ஹாப்ஸைத் தொடக்கத்திலேயே போட்டுவிடலாம். ஈஸ்ட் கென்ட் கோல்டிங்ஸ் (இங்கே ஈஸ்ட் என்பது கிழக்கு என்ற சொல்), ஃபக்கிள் என்ற இரண்டு ஹாப்ஸ் ரகங்களும் இந்த வகைக்கு மரபானவை. கடைசி நேரத்தில் மணத்துக்குப் போடுவது வீண். குடிக்கும்போது அந்த மணம் இருக்காது.

ஆறிய வோர்ட்டை அளந்தால் ஹைட்ரோமீட்டர் 1.080 அளவில் காட்டும். நீருக்கு 1.000. நொதித்து முடிந்தபின் 1.020 வந்தால், இரண்டின் வித்தியாசத்தை 131 ஆல் பெருக்குங்கள். ஏறக்குறைய 7.9 சதவீதம் வரும். அதுதான் ஆல்கஹால் அளவு. இவ்வளவு சர்க்கரையைத் தின்ன ஒரு பாக்கெட் ஈஸ்ட் திணறும், 11 கிராம் பாக்கெட் இரண்டு போடுங்கள். சூடு 18 முதல் 20 டிகிரிக்குள் நிற்கட்டும். முதல் சில நாட்களில் நொதித்தலே சூட்டைக் கிளப்பும். அப்போது கட்டுப்பாடு தவறினால் தலைவலியைத் தரும் என்று பலரும் குறைசொல்லும் காட்டமான ஆல்கஹால்கள் உருவாகும், அவற்றைக் காலம் முழுதாக ஆற்றாது.

ஆக்ஸிஜனைப் பற்றி ஒரு சொல். ஈஸ்ட் போடும் நேரத்தில் அதற்கு ஆக்ஸிஜன் வேண்டும், வோர்ட்டை நன்றாகக் குலுக்கலாம். நொதித்தல் தொடங்கிய பிறகு அதே ஆக்ஸிஜன் எதிரி. பாத்திரம் மாற்றும்போது குழாயின் முனை அடியில் தொட்டுக்கொண்டு இருக்கட்டும், சலசலவென்று விழக் கூடாது. கொதித்து ஆறியபின் பீரைத் தொடும் எல்லாவற்றையும் கிருமிநீக்கி கொண்டு கழுவியிருக்க வேண்டும். பிரெட்டனோமைசிஸ் சேர்த்துப் பார்க்கும் ஆசையை முதல் காய்ச்சலில் தவிருங்கள். பிளாஸ்டிக் குழாய்களில் குடியேறினால் அதைக் கிளப்புவது பெரும்பாடு.

மூன்று நான்கு வாரம் பொறுத்து, சில நாள் இடைவெளியில் அளந்த இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால் பாட்டிலில் அடைக்கலாம். நுரைக்காக லிட்டருக்கு 4 அல்லது 5 கிராம் சர்க்கரை போதும். நொதித்தல் முடியாமல் அடைத்தாலோ சர்க்கரையைக் கூட்டினாலோ பாட்டில் வெடிக்கும். கண்ணாடிச் சில்லு விளையாட்டில்லை.

இடமும் காலமும்

பழுப்பு பாட்டில், இறுக்கமான கிரவுன் மூடி, இருட்டு, 10 முதல் 13 டிகிரி. பாட்டிலை நிமிர்த்தி வையுங்கள். அப்போதுதான் ஈஸ்ட் அடியில் படியும், காற்று தொடும் பரப்பும் குறையும். ஆங்கில வீடுகளில் மாடிப்படிக்குக் கீழே உள்ள அறை பெரும்பாலும் இதற்குப் போதும். அங்கே வெந்நீர்க் குழாய் ஓடுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

சூடு ஏறினால் வேதிவினைகள் வேகமெடுக்கும். சென்னையின் அறைச் சூட்டில் 30 டிகிரிக்கு மேல் கிடக்கும் பாட்டிலில் அட்டை வாசனையும் சோயா வாடையும் முந்திக்கொள்ளும். சீக்கிரம் முதிர்ந்தது என்று அதைச் சொல்ல முடியாது, ஏனென்றால் எல்லா வினைகளும் ஒரே விகிதத்தில் வேகமெடுப்பதில்லை. வெளிநாட்டிலிருந்து வந்த நல்ல பாட்டிலைத் தமிழ்நாட்டில் வைத்திருக்கத்தான் வேண்டுமென்றால் குளிர்பெட்டியே நல்லது. முதிர்வு நின்றுவிட்டதுபோல் ஆகும், ஆனால் கெடாது.

8 சதவீத ஓல்ட் ஏல் மூன்று மாதத்தில் இன்னும் முரடாக இருக்கும். வறுவலும் கசப்பும் தனித்தனியாக நிற்கும். ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் அவை ஒன்றோடொன்று கலக்கத் தொடங்கும். ஒன்றரை, இரண்டு வருடத்தில் உலர் பழச் சுவை முன்வரும். எனக்கு மிகப் பிடித்த பருவம் இது. அதற்கப்பால் பல பாட்டில்கள் மெலியத் தொடங்கும். 10 சதவீதத்துக்கு மேற்பட்ட இம்பீரியல் ஸ்டவுட் இன்னும் நெடுநாள் தாங்கும். தேதி எழுதி ஒட்டி, சில மாதத்துக்கு ஒன்றாகத் திறந்து பார்ப்பதைவிட நல்ல வழி வேறில்லை. கடைசி பாட்டிலுக்காக எல்லாவற்றையும் காத்திருக்க வைத்தால் நல்ல பருவம் எப்போது வந்து போனது என்றே தெரியாது.

ஊற்றும்போது

12 முதல் 14 டிகிரியில் பரிமாறுங்கள். பனிக்குளிரில் இத்தனை நாள் காத்திருந்த வாசனைகள் எழவே எழாது. மெதுவாகச் சாய்த்து ஒரே ஊற்றில் ஊற்றி, அடியில் உள்ள கசடைப் பாட்டிலிலேயே விட்டுவிடுங்கள். அது கெடுதல் செய்யாது, சுவையை மட்டும் மங்கவைக்கும்.

திறந்த பாட்டில் எல்லை கடந்து முதிர்ந்திருந்தால் உடனே கொட்டிவிட வேண்டாம். பழையதும் புதியதும் கலப்பது லண்டன் மதுக்கடைகளின் பழைய வழக்கம். சஃபோக்கின் பரி செயின்ட் எட்மண்ட்ஸ் ஊரில் கிரீன் கிங் நிறுவனம் இதைப் பெரிய அளவில் செய்து காட்டியது. 12 சதவீத ஏலை ஓக் மரத்தொட்டிகளில் இரண்டு ஆண்டாவது முதிரவைத்து, அதைப் புதிய 5 சதவீத ஏலோடு கலந்து 6 சதவீத ஸ்ட்ராங் சஃபோக் ஆக்கினார்கள். வீட்டிலும் இது முடியும். ஒரு பங்கு பழைய ஏல், மூன்று பங்கு புதிய போர்ட்டர் என்று கோப்பையில் சிறிதளவு கலந்து பாருங்கள். ஷெர்ரி வாசனையும் லேசான புளிப்பும் தூக்கலாக இருந்தால் புதியது அதைத் தாங்கிக்கொள்ளும், பழையதன் ஆழம் புதியதுக்கும் சேரும். சோயா வாடை முற்றியிருந்தாலோ ஈர அட்டை வாசனை அடித்தாலோ கலப்பதால் பயனில்லை, புதியதும் சேர்ந்து கெடும்.